மதில் கட்டுமுன் ஒரு வார்த்தை

காங்கேசன்துறைப் பக்கம் இராணுவத்திடமிருந்து ஒரு காணி விடுபட்டால் வளவுக்குள் முதலில் இறங்குவது பெக்கோ இயந்திரம். காலையில் இறங்கினால் பின்னேரத்துக்குள் வளவு மொட்டை. வடலி, நாவல், பற்றை, புற்று, கிணற்றடிப் பூவரசு எல்லாம் ஒரு மூலையில் குவிந்து கிடக்கும். ஈரம் காய்ந்ததும் நெருப்பு. பிறகு நாலு பக்கமும் சீமெந்துக் கல்லில் மதில். மதில் எழும்பிய பின் வாசலில் நாலு குறோட்டன், ஒரு துண்டு புல்தரை. அதற்குப் பெயர் வீட்டுத்தோட்டம்.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. 1990 ஜூனில் எங்கள் வலிகாமம் வடக்குச் சனம் போரால் கையில் அகப்பட்டதோடு வெளிக்கிட்டது. சிலர் இருபது வருடம், சிலர் இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாக உறவினர் வீட்டிலும் முகாமிலும் இருந்துவிட்டுத்தான் தங்கள் காணியை மறுபடி கண்டார்கள். இன்னும் காணாதவர்களும் இருக்கிறார்கள். அப்படி வந்து பார்க்கும்போது, வீடு நின்ற இடத்தில் அத்திவாரமும் அதைப் பிளந்து நிற்கும் ஆலமரமும்தான் மிச்சம் என்றால், அந்தப் பச்சையைப் பார்த்து யாருக்கு மனம் குளிரும்? அந்தக் காடு நாங்கள் விரும்பி வளர்த்ததல்ல. எங்களை வெளியில் நிறுத்திவிட்டு வளர்ந்தது. அதை வழித்து எறிந்தால்தான் வீடு திரும்பியதுபோல இருக்கும் என்று நினைப்பவர்களின் மனம் எனக்கு விளங்கும்.

ஆனாலும் ஒன்றை யோசித்துப் பாருங்கள். நாங்கள் திரும்பிப் போக ஏங்கிய அந்த வளவு, 1990க்கு முந்திய வளவு, மொட்டையாகவா இருந்தது? முற்றம் மட்டும்தான் கூட்டிப் பெருக்கிய வெறுந்தரை. கோடிப்புறத்தில் மாவும் பலாவும் முருங்கையும் கறிவேப்பிலையும். கிணற்றடியில் வாழையும் கமுகும். அடிவளவில் பனையும் வடலியும் இலந்தையும். சுற்றிவரப் பச்சை வேலி. அதற்குள் அணிலும் கீரியும் புலுனியும் செண்பகமும் எங்களைக் கேட்காமலே குடியிருந்தன. வெளிநாடுகளில் இன்று உயிரினங்களுக்கு உகந்த வீட்டுத்தோட்டம் என்று புத்தகம் போட்டுப் படிப்பிக்கிறார்களே, அதன் பெரும்பகுதி எங்கள் ஆச்சிமாருடைய வளவுகளில் ஏற்கெனவே இருந்தது. பெக்கோ அந்த வளவைத் திருப்பித் தராது. அதில் மிச்சமாக உயிர் பிடித்து நிற்பதையும் அழித்துவிடும்.

முதலில் வேலியைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் தொடங்குகிறது.

ஐப்பசி மழையோடு நட்ட கதியால்கள்: கிளுவை, பூவரசு, முள்முருக்கு. இடையிடையே ஆடாதோடை, நொச்சி, ஆமணக்கு. அவற்றின்மேல் தாமாகவே ஏறிய கொவ்வை, முசுட்டை, குறிஞ்சா, முடக்கொத்தான், தூதுவளை, பிரண்டை. கீழ்ப்பாதிக்கு வரிச்சுமட்டை கட்டி அடைத்த பனையோலை. இதுதான் யாழ்ப்பாணத்து வேலி. வெட்டிய குழையை ஆட்டுக்குப் போட்டார்கள்; மிச்சத்தைத் தோட்டத்தில் பசளையாகத் தாட்டார்கள். முசுட்டை இலை வறைக்குப் போனது. கொவ்வைப் பழம் கிளிக்கும் கொண்டைக்குருவிக்கும் போனது. முள்முருக்கு சிவப்பாகப் பூத்து நிற்கும் காலத்தில் தேன்சிட்டும் மைனாவும் இரட்டைவால் குருவியும் தேனுக்கு அடிபடும். வேலிக்குள் கிளைகள் நெருக்கமாக இருக்கிற இடத்தில், ஒரு முழ உயரத்திலேயே, புலுனி கூடு வைக்கும். சிறுதேனீ ஒற்றை அடை கட்டும்.

மதிலில் இதெல்லாம் இல்லை என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய நட்டம், மதில் வழியை அடைத்துவிடுகிறது. நிலத்தால் நடந்து போகிற சீவன்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்: கீரி, உடும்பு, தேரை, ஓணான், சாரைப்பாம்பு, குஞ்சுகளோடு போகும் கௌதாரி. ஓர் ஏக்கருக்குப் பதினாறு பரப்பு. எங்களில் பலருக்கு இருப்பது இரண்டு மூன்று பரப்பு. இரண்டு பரப்புக் காணி ஒரு கீரிக்குக் காணாது. ஆனால் பச்சை வேலியால் தைத்து இணைத்த நூறு வளவுகள் அதற்கு ஒரு முழு உலகம். வேலி மனிதருக்கு எல்லையாக இருந்தது, மற்றச் சீவன்களுக்குப் பாதையாக இருந்தது. மதில் எல்லோருக்குமே முடிவு.

கள்வர் பயம், காணி எல்லைச் சண்டை, தெருநாய், மாடு என்று மதிலுக்குக் காரணங்கள் உண்டு என்பதை மறுக்கவில்லை. அதற்கு வழியும் உண்டு. ஒழுங்கைப் பக்கம், படலை இருக்கிற முன்பக்கம் மட்டும் மதில் கட்டுங்கள். மற்றப் பக்கங்களுக்குத் தூண் நட்டு முட்கம்பி அடித்து, கம்பியோடு சேர்த்துக் கிளுவைக் கதியாலை நெருக்கமாக நடுங்கள். இரண்டு மூன்று மாரி கண்டதும் கை நுழையாத வேலி வந்துவிடும். ஏற்கெனவே மதில் கட்டி முடித்தவர்கள், நிலமட்டத்தில் இரண்டு இடத்திலாவது ஒரு சாண் அகலத்துக்குக் கல்லை எடுத்துவிடலாம். மதிலுக்கு உள்ளே மூன்றடி விட்டு ஒரு நிரை பூவரசோ கிளுவையோ நட்டு, கொவ்வையையும் குறிஞ்சாவையும் ஏறவிடலாம். முள்முருக்கைப் பற்றி ஒரு சொல்: அதன் இலையை முடிச்சு முடிச்சாகச் சுருளப் பண்ணும் ஒரு சிறு குளவி வந்த பிறகு அந்த மரம் முன்போல வருவதில்லை. வேலி முழுவதையும் அதை நம்பி நடவேண்டாம்.

அடுத்தது பனை.

வீடு கட்ட இடம் வேண்டுமென்றால் வடலியில் சிலதை எடுக்கத்தான் வேண்டும். அடிவளவில் நிற்கிறதை விட்டுவிடுங்கள். பனையை நாங்கள் கிழங்குக்கும் பனாட்டுக்கும் ஓலைக்கும் கணக்குப் பார்த்தே பழகியவர்கள். அதில் குடியிருப்போரின் கணக்கு வேறு. பனை உழவாரன் என்று ஒரு சின்னக் குருவி. நாள் முழுவதும் வானத்தில் சுழன்று பூச்சி பிடிக்கும். கிளையில் வந்து உட்காராது. அதன் கூடு, தொங்கிக் காய்ந்த ஓலையின் அடிப்பக்கத்தில் தன் எச்சிலால் ஒட்டிய கொஞ்சம் இறகும் பஞ்சும்தான். காவோலை முழுவதையும் வெட்டித் தள்ளிவிட்டால் அந்தக் குருவிக்கு வேறு வீடு இல்லை. கூரைக்கு மேலே தொங்குகிற காவோலை ஆபத்து, அதை வெட்டுங்கள். தள்ளி நிற்கிற பனையில் அது தானாக விழும் நாள்வரை கிடக்கட்டும். மட்டைகளின் இடுக்கில் பல்லி, வௌவால், சில இடங்களில் மரநாய்கூட இருக்கும். பறவை எச்சத்தோடு வந்து அந்த இடுக்கில் விழுந்த ஆலம்விதை முளைத்து, கடைசியில் பனையையே சுற்றி நிற்கும் மரங்களை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

போர்க்காலத்தில் செல் பட்டுத் தலை போன பனைகள் எங்கள் பக்கம் நிறைய நின்றன. இன்னும் சில நிற்கின்றன. பார்க்க மனம் கனக்கும். பலர் அந்த நினைவே வேண்டாமென்று முதல் வேலையாக அதைத்தான் தறிக்கிறார்கள். ஆனால் பட்ட பனையில்தான் மரங்கொத்தி பொந்து குடையும். அது விட்டுப்போன பொந்தில் கிளி குஞ்சு பொரிக்கும், மைனா குஞ்சு பொரிக்கும். வீட்டின்மேல் விழாத தூரத்தில் ஒன்று நின்றால், இயன்றவரை அதை விட்டுவையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மரங்கொத்தி என்றதும் ஒரு விசயம். இலங்கையின் தெற்கே போனால் வீட்டுத்தோட்டத்து மரங்கொத்திக்கு முதுகு சிவப்பு. எங்கள் வடக்கில் பொன்மஞ்சள். வடக்கில் வாழும் இந்தப் பொன்முதுகுத் துணையினத்தின் அறிவியற் பெயரிலேயே யாழ்ப்பாணம் இருக்கிறது: டைனோபியம் பெங்காலென்சே ஜஃப்னென்சே. இதுபோலவே கௌதாரியும், கழுத்தில் கறுப்புக் கோடு போட்ட சாம்பல் புறாவும், எங்கள் மின்கம்பியில் எப்போதும் இருக்கிற இரட்டைவால் கரிக்குருவியும் இலங்கையில் பெரும்பாலும் வடக்கிலும் வடமேற்கிலும்தான் உண்டு. கொழும்பிலோ கண்டியிலோ இருந்து ஒருவர் எழுதிய தோட்ட ஆலோசனையை அப்படியே இங்கே பிரதி பண்ண முடியாததற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே வருடத்தில் இரண்டு மழைக்காலம். எங்களுக்கு ஒக்டோபரில் தொடங்கி டிசெம்பரில் முடிகிற ஒரு மாரிதான் பெரிது. மண்ணோ ஒரு முழம்கூட இல்லாத இடங்கள் பல. அலவாங்கு போட்டால் சுண்ணக்கல்லில் இடிக்கும். அந்தக் கல்லை நம்பித்தான் 1950இல் இங்கே சீமெந்துத் தொழிற்சாலையே வந்தது. வாடை கடலுப்பைக் கொண்டுவந்து இலையில் பூசும். இந்த மண்ணுக்கும் இந்தக் காற்றுக்கும் பழகியது வேம்பு, பூவரசு, புன்னை, பனை, இலந்தை, நாவல், பாலை. கடையில் வாங்கிய அலங்காரச் செடி சித்திரை வெயிலில் கருகுவதைப் பார்த்து, தனக்குக் கைராசி இல்லை என்று நினைத்துக் கவலைப்படும் பலரைக் கண்டிருக்கிறேன். குறை கையில் இல்லை, செடித் தெரிவில் இருக்கிறது.

இனிக் கஞ்சல். காலையும் மாலையும் முற்றம் கூட்டுவது எங்களுக்கு ஊறிப்போன பழக்கம், நல்ல பழக்கமும்கூட. வெறுந்தரையில் பாம்பு தெரியும், பூச்சி தெரியும். ஆனால் இப்போது முற்றத்தோடு நிற்காமல் அடிவளவு வரை கூட்டி, கூட்டியதைக் கொளுத்துகிறோம். மாமரத்தின் கீழும் வேலியோரத்திலும் விழுகிற இலையை அப்படியே விட்டால் அது மண்ணாகும். பல இடத்தில் ஒரு முழ மண்கூட இல்லாத ஊரில் மண் உண்டாக்குகிற பொருளை நெருப்பில் போடுவது எனக்கு எப்போதும் வேதனை. அந்தச் சருகுக்குள்தான் மண்புழுவும் வண்டின் புழுவும் இருக்கும். அதைக் கிளறித் தின்னத்தான் கொண்டலாத்தியும் புலுனியும் வரும்.

அந்தச் சருகைத் தேடி வருகிற இன்னொரு விருந்தாளிதான் ஆறுமணிக்குருவி. மஞ்சள், பச்சை, நீலம், அடிவயிற்றில் சிவப்பு என்று எல்லா நிறமும் கொண்டது. இமயமலை அடிவாரத்திலும் வட, நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, ஐப்பசியளவில் பாக்கு நீரிணையைத் தாண்டி இலங்கைக்குள் வரும். வடகரையில் இருக்கிற எங்கள் வளவுகளும் அது இறங்குகிற இடங்களில் சேரும். இரவோடு இரவாகப் பறந்து வந்து களைத்து, வெளிச்சத்தில் தடுமாறி, வீட்டுக்குள் விழுகிறதும் உண்டு. அப்படி ஒன்றைக் கண்டால் தண்ணீர் பருக்க வேண்டாம், படம் எடுத்துச் சுற்றி நிற்கவும் வேண்டாம். காற்றுத்துளை போட்ட ஒரு காட்போட் பெட்டிக்குள் வைத்து, இருட்டான அமைதியான மூலையில் சில மணித்தியாலம் விடுங்கள். தெளிந்ததும், நிழலும் சருகும் உள்ள மரத்தடியில் திறந்துவிட்டால் போய்விடும். காலையும் மாலையும் ஆறு மணியளவில் இரண்டு சத்தமாகக் கூப்பிடும். அதனால்தான் இந்தப் பெயர். சீமெந்து போட்ட முற்றத்தில் அதற்கு ஒரு வாய் இரை கிடைக்காது.

தண்ணீருக்கு வருவோம். கோடையில், பங்குனியிலிருந்து புரட்டாதி வரை, எங்கள் பக்கத்துச் சீவன்களுக்குச் சாப்பாட்டை விடத் தண்ணீர்தான் அரிது. வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லாத குடாநாடு. மழை கல்லுக்குள் இறங்கி, கீழே உள்ள கடல்நீரின் மேல் நன்னீராகத் தங்குகிறது. அதைக் கிணற்றால் மனிதர் எடுக்கலாம், குருவியால் எடுக்க முடியாது. இதை எங்கள் முன்னோர் நன்றாகவே யோசித்திருந்தார்கள். தெருவோர மடத்தருகே சுமைதாங்கி, அதனருகே கால்நடைக்குத் தண்ணீர்த் தொட்டி, மாடு முதுகு தேய்க்க ஆவுரஞ்சிக்கல், இறங்கிக் குடிக்கப் படிவைத்த கேணி. இவற்றைக் கட்டுவதைப் புண்ணியமாக நினைத்தார்கள். கிணற்றடியில் துலாவால் அள்ளிய தண்ணீர் பீலியால் ஓடும்போது காகமும் மைனாவும் வந்து குளிக்கும். இப்போது மோட்டர் போட்டுத் தாங்கிக்கு ஏற்றிக் குழாயால் இறக்குகிறோம். வெளியே ஒரு சொட்டும் சிந்துவதில்லை. தண்ணீர் மிச்சம், நல்லது. ஆனால் சிந்திய அந்தத் தண்ணீரில் குடித்தவை எங்கே போகும்?

ஒரு மண்சட்டியை, அகலமான தாழ்ந்த சட்டியாகப் பார்த்து, இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றி நிழலில் வையுங்கள். நடுவில் ஒரு கல். தேனீயும் குளவியும் அதில் இருந்து குடிக்கும். பற்றைக்கு ஒட்டி வைக்காமல் ஓர் ஆள் நீளம் தள்ளி வையுங்கள், பூனை பதுங்கி நின்று பாய்ந்துவிடும். தினமும் ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விடுங்கள், பொச்சால் உரஞ்சிக் கழுவுங்கள். இதில் சோம்பல் கூடாது. டெங்கு எங்கள் மாவட்டத்தில் ஒவ்வொரு மாரியிலும் ஆட்டிப் படைக்கிறது. 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார அமைப்பு அறிவித்தது. அந்த வருடக் கடைசியிலேயே மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டெபென்சை என்ற புதிய மலேரியா நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு யாழ்ப்பாணத்திலும் கண்டார்கள். கிணற்றிலும் சீமெந்துத் தொட்டியிலும் முட்டையிடக்கூடிய நுளம்பு அது. ஆகவே வளவில் தாமரைக்குளம் கட்டுகிற ஆசை இருந்தால், மீன் விட்டுக் கவனிக்க ஆள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் சட்டியே போதும். நுளம்பு முட்டை வளர்ந்து பறக்க ஒரு கிழமையளவு எடுக்கும். தினம் ஊற்றிக் கழுவுகிற சட்டியில் அது நடக்காது.

சாப்பாடு வைப்பதைப் பற்றி அதிகம் சொல்வதற்கு இல்லை. சனிக்கிழமை காகத்துக்கு ஒரு பிடி வைக்கிறோம், வையுங்கள். மிஞ்சிய சோற்றைக் குவித்துக் கொட்டினால் காகம் பெருகும், மற்றக் குருவியின் முட்டையைத் தூக்கும். விதை வாங்கித் தொங்கவிடத் தேவையே இல்லை. கொவ்வையும் நாவலும் இலந்தையும் ஜாம்பழமும் நின்றால் அதைவிட நல்ல பந்தி வேறில்லை.

ஆனால் குஞ்சுக்குப் பழம் போதாது. இதைத்தான் பலர் யோசிப்பதில்லை. சிட்டுக்குருவி தானியம் தின்னும் குருவி என்றாலும் குஞ்சுக்குக் கொடுப்பது பெரும்பாலும் புழுவும் பூச்சியும். அமெரிக்காவில் டெலவெயர் பல்கலைக்கழகத்தின் பூச்சியியலாளர் டக்ளஸ் டாலமி, சிக்கடி என்ற கைக்கடங்கும் குருவியின் ஒரு ஈட்டுக் குஞ்சுகள் கூட்டை விட்டுப் பறக்கும் வரைக்கும் ஆறாயிரம் முதல் ஒன்பதாயிரம் புழு வரை தேவை என்று எழுதுகிறார். எங்கள் குருவிகளுக்கு யாரும் இப்படி எண்ணிப் பார்த்திருக்காவிட்டாலும் சங்கதி அதேதான். வளவில் புழு இல்லையென்றால் குஞ்சு இல்லை.

கறிவேப்பிலைக் கன்றில், தேசியில், பறவை எச்சம்போல ஒரு கறுப்பும் வெள்ளையுமான புழு இருக்கும். சில நாளில் பச்சையாகிக் கொழுக்கும். அதைக் கண்டதும் மருந்து அடிக்கிறோம். அதுதான் கறுப்பும் மஞ்சளுமாக முற்றத்தில் பறக்கிற பெரிய வண்ணாத்திப்பூச்சி. நாலு இலை போனால் கறிவேப்பிலை சாகாது, மறுபடி தளிர்க்கும். கன்று சின்னதென்றால் புழுவை எடுத்துப் பெரிய மரத்தில் விடுங்கள். எருக்கலையை வளவில் நின்றால் தரித்திரம் என்று பிடுங்குகிறார்கள். செம்மஞ்சள் நிறத்தில் கறுப்பு ஓரம் போட்ட வண்ணாத்திப்பூச்சிக்கு அதன் இலைதான் பிள்ளைச் சாப்பாடு. அடிவளவில் ஒன்று நிற்கட்டும். ஆடுதின்னாப்பாளை வேலியடியில் படர்ந்தால் சிவப்பு உடம்புக் கறுப்பு வண்ணாத்திப்பூச்சி வரும். பட்ட பூவரசங்கொம்பு ஒன்றை விட்டுவைத்தால் பெரிய கருவண்டு துளை போட்டுக் குடியிருக்கும். பந்தலில் கொடித்தோடை போட்டிருக்கிறவர்கள் அந்த வண்டை விரட்டவே கூடாது, ஏனென்றால் கொடித்தோடைப் பூவைக் காயாக்க அந்தப் பருமனான வண்டுதான் வேண்டும்.

முருங்கையில் வருகிற மயிர்க்கொட்டி எல்லோருக்கும் தொல்லை. பந்தம் கொளுத்திப் பிடிக்கிறதுதான் ஊர் வழக்கம். அதைத் தின்னவும் ஓர் ஆள் உண்டு: சுடலைக்குயில், கறுப்பும் வெள்ளையுமாகத் தலையில் கொண்டையோடு. மயிர்க்கொட்டியை அது விரும்பித் தின்னும். அந்தக் குயில் தன் முட்டையைப் பெரும்பாலும் புலுனியின் கூட்டில்தான் இடும். புலுனி கூடு வைக்க வேலி வேண்டும். இப்போது பாருங்கள், வேலி போனால் புலுனி போகும், புலுனி போனால் சுடலைக்குயில் போகும், பிறகு முருங்கைக்கு மருந்துக்கடைதான் கதி. அந்த மருந்து எங்கே போகிறது? கல்லின் வெடிப்பால் இறங்கிக் கிணற்றுக்கு. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவுக்கு மிஞ்சி இருப்பதை ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். தோட்டத்துக்குப் போட்ட பசளை கிணற்றுக்கு வருகிற அதே வழியால்தான் வளவுக்கு அடித்த பூச்சிமருந்தும் களைநாசினியும் வரும். இந்த ஒரு காரணத்துக்காகவே வீட்டு வளவில் களைநாசினி கூடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இவ்வளவும் சொன்னால் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். பக்கத்து வளவு ஆச்சி என்னிடம் கேட்டது:

“தம்பி, உந்தப் பத்தையை ஏன் மோனை விட்டு வைச்சிருக்கிறாய்? பாம்பெல்லே பூரும்.”

“அது வீட்டுக்குத் தள்ளி அடிவளவிலதானே ஆச்சி. வீட்டைச் சுத்திக் கூட்டித்தான் வைச்சிருக்கிறன்.”

“பிள்ளையள் ஓடித் திரியிற வளவு. கவனம்.”

ஆச்சி சொன்னது நியாயம். எங்கள் பக்கத்தில் நாகமும் உண்டு, விரியனும் புடையனும் உண்டு, மணற்பாங்கான வரண்ட இடங்களில் சுருட்டையும் உண்டு. ஆகவே ஒழுங்கு வேண்டும். வீட்டைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு அடி வெறுந்தரை, எப்போதும் கூட்டியது. ஓட்டுக் குவியல், கல்லுக் குவியல், விறகு எதுவும் சுவரோடு கிடக்கக் கூடாது. கோழிக்கூடும் நெல்மூட்டையும் எலியைக் கூப்பிடும், எலி பாம்பைக் கூப்பிடும். பாம்பு வீட்டுக்குள் வருவது பற்றைக்காக அல்ல, பெரும்பாலும் எலிக்காகத்தான். இரவில் கிணற்றடிக்குப் போனால் ரோச்சும் செருப்பும். சாரையை அடிக்காதீர்கள், அது எலி பிடிக்கும், நஞ்சில்லை. கடிபட்டால் பார்வை பார்க்க ஓடாமல் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடித்துத் தெல்லிப்பழை வைத்தியசாலைக்கோ யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ உடனே போய்விடுங்கள். கீரி திரிகிற வளவாக இருந்தால் இன்னும் நல்லது. கீரிமலை எங்களுக்குப் பக்கத்தில்தான். கீரிமுகம் கொண்ட நகுல முனிவர் அங்குள்ள கேணியில் நீராடி முகம் மாறினார் என்று கதை சொல்லி வளர்ந்த சனம், கீரிக்கு வேலியில் ஒரு பொட்டு விடத் தயங்கக் கூடாது.

இரும்புத்துண்டு போல ஏதாவது மண்ணுக்குள் தென்பட்டால் கிண்டவேண்டாம், தட்டிப் பார்க்கவேண்டாம். கண்ணிவெடி அகற்றி முடித்த இடமென்று சொன்னாலும் சரி. அடையாளம் வைத்துவிட்டு 119இல் பொலிசுக்குச் சொல்லுங்கள். பெக்கோ வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லாவற்றையும் விட்டுவையுங்கள் என்று சொல்லவில்லை. எடுக்க வேண்டியவையும் இருக்கின்றன. வெறுமையாகக் கிடந்த காணிகளில் இப்பில்இப்பில் மற்ற எதையும் வளரவிடாமல் அடர்ந்து நிற்கிறது. அதை வெட்டினால் மறுபடி துளிர்க்கும். மழை ஈரத்தில் வேரோடு கிண்ட வேண்டும். பார்த்தீனியம் இன்னும் மோசம். 1987இல் வந்த இந்தியப் படையின் ஆடுகளோடு வந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். பூக்குமுன் கையுறை போட்டுப் பிடுங்குங்கள், தோலுக்கும் மூச்சுக்கும் ஆகாது. நாயுண்ணியை ஒரேயடியாக எடுக்காமல், அதன் இடத்தில் நொச்சியோ ஆடாதோடையோ நட்டு, அது எழும்பிய பிறகு எடுங்கள். நாயுண்ணிப் பற்றைக்குள் இப்போது ஏதாவது கூடு இருக்கலாம்.

காணி இப்போதுதான் கையில் கிடைத்திருக்கிறது என்றால், ஒரு மாரியும் ஒரு கோடையும் பொறுத்துப் பார்ப்பதுதான் நான் சொல்லக்கூடிய ஒரே பெரிய ஆலோசனை. வீடு வருகிற இடத்தையும் கிணற்றையும் பாதையையும் மட்டும் ஆள் வைத்துக் கத்தியால் வெளியாக்குங்கள். மிச்சத்தில் என்ன மரம் நிற்கிறது, எதில் என்ன வந்து இருக்கிறது, எந்தப் பக்கம் தண்ணீர் தேங்குகிறது என்று நடந்து பாருங்கள். இருபத்தைந்து வருடத்தில் குருவியும் வௌவாலும் அணிலும் நட்ட நாவலும் வேம்பும் பாலையும் உங்கள் வளவில் நிற்கும். அவற்றை நட்டு வளர்க்க உங்களுக்கு இன்னோர் இருபத்தைந்து வருடம் எடுக்கும். பாலை இன்னும் மெதுவாகத்தான் வளரும். அதைத் தறித்தவர் தன் ஆயுளில் இன்னொரு பாலைமரத்து நிழலைக் காணமாட்டார்.

வெளிநாட்டில் இருந்து காசு அனுப்பி ஊரில் வளவைத் துப்புரவாக்கச் சொல்கிறவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். நீங்கள் ரொறொன்ரோவிலோ லண்டனிலோ இருந்து படத்தில் பார்க்கும்போது மொட்டை வளவு துப்புரவாகத் தெரியும். வேலை எடுத்தவருக்கும் ஏக்கர்க் கணக்கில் வழிப்பது லேசு. எந்த மரம் நிற்க வேண்டும் என்று பெயர் சொல்லிச் சொல்லிவிடுங்கள். உங்கள் அம்மாவிடம் கேளுங்கள், எந்த மூலையில் எந்த மரம் நின்றது என்று அவருக்கு இன்னும் தெரியும்.

மற்றவர்களுக்கு: மதில் அத்திவாரம் வெட்ட ஆள் பேசியிருந்தால், முன்பக்கத்துக்கு மட்டும் வெட்டச் சொல்லுங்கள். மற்ற மூன்று பக்கத்துக்கும் இந்த ஐப்பசியில் கதியால் நடுங்கள். பெருவிரலைவிடச் சற்றுப் பருமனான, முற்றிய கொம்பாகப் பார்த்து, ஆள் உயரத்துக்கு வெட்டி, ஒரு முழம் மண்ணுக்குள் போகிற மாதிரி நட்டால் போதும். தெல்லிப்பழை, மல்லாகம் பக்கத்து ஒழுங்கைகளில் இன்னும் கிளுவை வேலி நிற்கிறது. குழை வெட்டுகிற நேரம் போய்க் கேட்டால் ஒரு கட்டுச் சும்மாவே தருவார்கள்.